பாட்டுப் போட்டியும் நட்சத்திர மூடநம்பிக்கையும்

நம் நாட்டில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததென்றால், ஆணா பெண்ணா என்று கேட்ட மறு விநாடியே “என்ன நட்சத்திரம்?” என்று கேட்பது வழக்கம். தாய் சௌக்கியமா, குழந்தை சௌக்கியமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அசுவினியோ கார்த்திகையோ மூலமோ ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால், அந்தக் குழந்தையின் படிப்பு, பதவி, கல்யாணம், ஆயுள் இவ்வளவும் அப்பொழுதே முடிவாகிவிட்டதாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் பேச்சைப் படித்தவர்களில் சிலராவது இப்பொழுது கேலி செய்கிறார்கள். ஆனால், அப்படிக் கேலி செய்கிறவர்களே சனிக்கிழமை இரவு டெலிவிஷன் முன் உட்கார்ந்துகொண்டு, பாட வந்த ஒரு பையனைப் பார்த்து “இவன் நட்சத்திரமாகவே பிறந்தவன்” என்று ஒரு நடுவர் சொன்னால் கை தட்டுகிறார்கள். பிறந்த நட்சத்திரத்தால் ஒருவன் உயர்வான் என்பது மூடநம்பிக்கையானால், நட்சத்திரமாகவே பிறந்ததால் உயர்வான் என்பது மட்டும் எப்படி அறிவாகும் என்பது நமக்கு விளங்கவில்லை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாட்டுத் தொழில் நடத்துகின்ற கம்பெனிக்காரர்கள் “நட்சத்திரத் தன்மை” என்று ஒன்றைப் பற்றி வெகு நாட்களாகச் சொல்லி வருகிறார்கள். அது என்ன என்று கேட்டால் குரல் அல்ல என்கிறார்கள், தாளம் தவறாத பாட்டும் அல்ல, அழகும் அல்ல, பழக்கமும் அல்ல. இவை எல்லாம் இருந்தும் அது இல்லாமல் போகலாமாம். இவை ஒன்றுமே இல்லாமல் அது மட்டும் இருந்துவிடலாமாம். சரி, அதை எப்படித்தான் கண்டுகொள்வது என்றால், “பார்த்தவுடன் தெரியும்” என்பதுதான் பதில். யாருக்குத் தெரியும்? அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாவிட்டால்? உங்களுக்கு அந்த ஞானம் போதாது. இந்த மாதிரியான கேள்வியும் பதிலும் நம் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. சாமி வந்து ஆடுகிறவனிடத்திலும் இதே பதில்களைத்தான் நாம் கேட்டிருக்கிறோம்.

இந்த வேடிக்கைக்கு இங்கிலாந்திலே பெயர் வைத்தவர்கள் வெகு பொருத்தமாகவே வைத்தார்கள். 2004-ஆம் வருஷத்தில் அங்கே ஆரம்பித்த பாட்டுப் போட்டிக்கு “தி எக்ஸ் ஃபேக்டர்” என்று பெயர். எக்ஸ் என்பது என்ன? பள்ளிக்கூடத்தில் அல்ஜிப்ரா படித்த பையனைக் கேட்டால் சொல்லுவான்: தெரியாத தொகைக்கு வைக்கும் அடையாளம் எக்ஸ். ஆனால் பள்ளிக்கூடத்தில் எக்ஸ் என்று எழுதிவிட்டு அப்படியே எழுந்து போய்விட முடியாது. அது எவ்வளவு என்று கண்டுபிடித்து எழுதினால்தான் மார்க்கு. இந்தப் போட்டியிலோ எக்ஸ் கடைசிவரை எக்ஸாகவே இருக்க வேண்டும். அது இன்னதென்று தெரிந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

இந்த வகைப் போட்டிகள் எப்படிப் பரவின என்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். 1999-இல் நியூஜிலாந்தில் “பாப்ஸ்டார்ஸ்” என்று ஒன்று நடந்தது. 2001-இல் இங்கிலாந்தில் “பாப் ஐடல்” வந்தது. 2002 பிப்ரவரியில் நடந்த அதன் கடைசிச் சுற்றில் சுமார் 87 லட்சம் ஓட்டுகள் விழுந்தன. அதே 2002-இல் அது அமெரிக்காவுக்குப் போய் “அமெரிக்கன் ஐடல்” ஆயிற்று. ஐடல் என்றால் விக்கிரகம் என்று பொருள். அந்தப் பெயரையும் நாம் வைக்கவில்லை, அவர்களே வைத்துக்கொண்டார்கள். பிறகு உலகம் முழுவதும் பரவி, 2006 முதல் தமிழ்த் தொலைக்காட்சியிலும் இம்மாதிரிப் போட்டிகள் நடந்து வருகின்றன.

இனி, இந்த எக்ஸைக் கண்டுபிடிக்கும் சக்தி படைத்தவர்கள் யார் என்று பார்ப்போம். இங்கிலாந்துப் போட்டியின் முக்கிய நடுவராக இருந்தவர் சைமன் கோவெல் என்பவர். அவருடைய சைகோ கம்பெனிதான் அந்த நிகழ்ச்சியைக் கூட்டாகத் தயாரித்தது. ஜெயித்தவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு இசைத்தட்டு வெளியிட்டதும் அதே கம்பெனிதான். அதாவது பந்தயம் வைத்தவர், தீர்ப்புச் சொன்னவர், ஜெயித்த குதிரையை ஓட்டிக்கொண்டு போனவர் எல்லாம் ஒருவரே. ஒரு ஜில்லா முன்சீப் தான் விசாரிக்கும் வழக்கில் தானே வாதியாகவும் இருந்தால் நாம் ஒப்புக்கொள்ளுவோமா? இங்கே மட்டும் அது சாமர்த்தியம் என்று கொண்டாடப்பட்டது. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். தெரிந்து நடந்தால் நடுநிலை ஆகிவிடுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்றியும், டெலிவிஷனில் நடுவர் முன் வந்து நிற்கிற ஆளை அந்த நடுவர்தான் அங்கே முதன் முதலாகக் கேட்கிறார் என்று பாமர மக்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படி அல்ல. நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் அதற்கு முன்னமே ஆயிரக்கணக்கான பேரைத் தனியே பாடச் சொல்லிக் கேட்டு, வேண்டியவர்களை மட்டும் பொறுக்கி அனுப்புகிறார்கள். அவ்வாறு பொறுக்கும்போது நன்றாகப் பாடுகிறவர்களோடு, வெகு மோசமாகப் பாடுகிறவர்களையும் தெரிந்தே சேர்த்துக்கொள்ளுகிறார்கள். எதற்காக? ஊர் சிரிப்பதற்காக. “நீ நன்றாகப் பாடுகிறாய், மேலே போ” என்று இரண்டு தடவை தட்டிக்கொடுத்து அனுப்பப்பட்ட ஓர் அப்பாவி, மூன்றாவது தடவை கோடிக்கணக்கான பேர் பார்க்கத் தன் மானத்தை இழந்து வெளியே வருகிறான். இது பாட்டுப் பரீட்சையா, கழைக்கூத்தாடியின் குரங்காட்டமா?

நிற்க. இந்த நடுவர்களுக்கு உண்மையில் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கும் சக்தி இருக்கிறதா என்பதை அவர்களுடைய காரியங்களைக் கொண்டே பார்க்கலாம். ஜெனிபர் ஹட்சன் என்ற பெண் 2004-இல் அமெரிக்கன் ஐடல் போட்டியில் ஏழாவதாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2007-இல் அவரே ஒரு பாட்டுப் படத்தில் நடித்துப் பாடியதற்காக ஆஸ்கார் பரிசு பெற்றார். அந்த மூன்று வருஷத்துக்குள் நட்சத்திரத் தன்மை எந்தக் கடையில் விற்றது? 2010-இல் இங்கிலாந்துப் போட்டிக்குத் தனித்தனியே வந்த ஐந்து பையன்களைத் தனிப் பாடகர்களாக இருக்கத் தகுதி இல்லை என்று தள்ளிவிட்டு, பிறகு ஐவரையும் ஒரு கோஷ்டியாகக் கட்டி மேடையில் ஏற்றினார்கள். அதுதான் “ஒன் டைரக்‌ஷன்”. அவர்களில் லியாம் பெய்ன் என்ற பையன் 2008-இலேயே வந்து, இரண்டு வருஷம் கழித்து வா என்று திருப்பி அனுப்பப்பட்டவன். அந்தக் கோஷ்டியும் ஜெயிக்கவில்லை, மூன்றாவதாகத்தான் வந்தது. ஆனால் 2012-இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்திலேயே இறங்கியது. போட்டியில் முதலாவதாக வந்தவர் பெயரை இப்பொழுது எத்தனை பேர் சொல்லுவார்கள்?

ஸ்காட்லாந்துக்காரரான சூசன் பாயில் அம்மாளின் கதை இன்னும் வேடிக்கையானது. 2009 ஏப்ரலில் ஒளிபரப்பான “பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்” என்ற மற்றொரு போட்டியில் அவர் பாடியபோது வயது 47. வாய் திறப்பதற்கு முன் கூட்டம் அவருடைய உடையையும் முகத்தையும் பார்த்து இளித்தது. பாடியவுடன் எழுந்து நின்று கைதட்டியது. உடனே பத்திரிகைகள் எல்லாம் அற்புதம் நடந்துவிட்டது என்று எழுதின. என்ன அற்புதம்? அந்த அம்மாள் பல வருஷம் பாட்டு வாத்தியாரிடம் முறையாகக் கற்றவர். சர்ச்சிலும் ஊர்க் கூட்டங்களிலும் பாடி வந்தவர். 1999-இல் ஒரு தர்மக் காரியத்துக்காக வெளியிட்ட இசைத்தட்டில் பாடியும் இருக்கிறார். அவரிடத்தில் பிறவியிலேயே நட்சத்திரம் இருந்ததென்றால், 47 வருஷம் அது எங்கே போய் ஒளிந்துகொண்டிருந்தது? பார்த்தவுடன் தெரியும் என்றார்களே, பார்த்தவுடன் சிரித்தார்களே! உண்மையில் அன்று புதிதாக வந்தது அந்த அம்மாளின் குரல் அல்ல; அந்தக் குரலுக்கு முன் கோடிப் பேரை உட்கார வைத்த மேடைதான் புதிது. மேடை கிடைக்காத எத்தனை குரல்கள் இன்னும் அடுப்படியிலும் வயல்வெளியிலும் தேய்ந்துகொண்டிருக்கின்றன என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் இரண்டொரு தனி மனிதர் கதை, இதைக் கொண்டு பொதுவாகத் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அதற்குப் பரீட்சையாகவே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று பேர் 2006-இல் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத கோஷ்டிகளின் பாட்டுகள் 48-ஐ எடுத்துக்கொண்டு 14,341 பேரைக் கேட்கச் செய்தார்கள். பிடித்த பாட்டை இனாமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு பகுதியாருக்குப் பாட்டின் பெயர் மட்டும் காட்டப்பட்டது. மற்றவர்களை எட்டுக் கூட்டமாகப் பிரித்து, அவரவர் கூட்டத்தில் அதற்கு முன் எத்தனை பேர் எந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கும் காட்டப்பட்டது. ஒரு கூட்டத்தின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது.

முடிவு என்ன ஆயிற்று என்றால், எட்டுக் கூட்டத்திலும் எட்டு விதமான “நட்சத்திரங்கள்” உதயமாகிவிட்டன. பிறர் கணக்கைப் பார்க்காதவர்கள் மதிப்பில் 26-ஆவதாக நின்ற ஒரு பாட்டு, ஒரு கூட்டத்தில் முதலாவதாக வந்தது. இன்னொரு கூட்டத்தில் 40-ஆவதாகப் போயிற்று. பாட்டு அதேதான், பாடினவர்கள் அவர்களேதான். முதலில் நாலு பேர் எந்தப் பக்கம் சாய்ந்தார்களோ அந்தப் பக்கம் நாற்பது பேர் சாய்ந்தார்கள், நாற்பதைப் பார்த்து நானூறு பேர் சாய்ந்தார்கள். அவர்கள் நியாயமாக இன்னொன்றும் சொன்னார்கள்: மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பதும், மிக மட்டமான பாட்டு முதலில் வருவதும் அரிது, நடுவில் உள்ளவைகளுக்கு எதுவும் நேரலாம். இதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால், நடுவில் உள்ளவர்கள்தானே எங்கும் பெரும்பாலோர்? அவர்களுக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் முன்னால் வந்த நாலு பேரைப் பொறுத்தது என்றால், பிறவி நட்சத்திரத்துக்கு அங்கே என்ன வேலை?

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள வழக்கை வேறொருவர் விசாரித்திருக்கிறார். சியா-ஜுங் ட்சே என்ற ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்டது அது. பெரிய பெரிய சங்கீதப் போட்டிகளில் கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று மூன்று பேரின் வாசிப்பைச் சிலருக்கு ஒலியாக மட்டும் கேட்கக் கொடுத்தார். சிலருக்கு ஒலியே இல்லாமல் படமாக மட்டும் காட்டினார். ஜெயித்தவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒன்று சரியாகும். ஒலியை மட்டும் கேட்டவர்கள் அந்த அளவுக்குக்கூடத் தேறவில்லை. ஊமைப் படம் பார்த்தவர்களோ ஏறக்குறைய பாதித் தடவை சரியாகச் சொன்னார்கள். சங்கீதமே தொழிலாகக் கொண்ட வித்வான்களும் இதற்கு விலக்கல்ல. ஆகவே, சங்கீதப் போட்டியில் பரிசு பெரும்பாலும் கண் கொடுக்கிறதே தவிர, காது கொடுக்கவில்லை.

சீட்டுக் குலுக்கலால் வரும் நட்சத்திரமும் உண்டு. பெல்ஜியம் நாட்டில் நடக்கும் எலிசபெத் ராணி சங்கீதப் போட்டி உலகப் பிரசித்தியானது. அதில் யார் எந்த நாளில் வாசிப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். முதல் நாள் வாசிக்கும்படி சீட்டு விழுந்தவர்கள் முதல் வரிசையில் வருவது குறைவு என்று ஃப்ளோரெஸ், கின்ஸ்பர்க் என்ற இருவர் 1996-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தப் போட்டியில் மேல் வரிசையில் வந்தவர்களே பிற்காலத்தில் அதிகப் புகழும் பெற்றார்கள் என்று 2003-இல் வந்த மற்றோர் ஆராய்ச்சி சொல்லுகிறது. சீட்டு வரிசையைக் கொடுத்தது, வரிசை புகழைக் கொடுத்தது. பிறகு அந்தப் புகழைக் காட்டி “இவர் பிறவி மேதை” என்று எழுதினார்கள்.

இப்பொழுது கொரியா தேசத்தில் நடந்த சங்கதிக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசைப்படுகிறோம்.

தென் கொரியாவில் எம்நெட் என்ற டெலிவிஷன் கம்பெனி 2016 முதல் “புரொட்யூஸ்” என்ற போட்டியை நான்கு தடவை நடத்தியது. ஏறக்குறைய நூறு இளைஞர்கள் அல்லது பெண்கள் வருவார்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டு அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்க வேண்டும். பொறுக்கப்பட்டவர்கள் ஒரு கோஷ்டியாகிப் பாடுவார்கள். பார்க்கிற ஜனங்களை வெறும் நேயர்கள் என்று சொல்லாமல் “தேசியத் தயாரிப்பாளர்களே” என்றுதான் கூப்பிட்டார்கள். நடுவரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம், ஜனங்களே ராஜா என்பது ஏற்பாடு. கேட்பதற்கு எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது!

நான்காவது தடவைக்கு வைத்த பெயர் “புரொட்யூஸ் எக்ஸ் 101”. இங்கேயும் எக்ஸ் வந்துவிட்டது. 2019 ஜூலை 19-ஆம் தேதி கடைசிச் சுற்று. பதினொரு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஓட்டுக் கணக்கும் காட்டப்பட்டது. முதலாவது ஆளுக்கு 13,34,011 ஓட்டு. இரண்டாவது ஆளுக்கு 13,04,033. வித்தியாசம் 29,978. மூன்றாவது ஆளுக்கு 10,79,200. நான்காவது ஆளுக்கு 10,49,222. இங்கும் வித்தியாசம் 29,978! இன்னும் கீழே போனாலும் அதே தொகை திரும்பத் திரும்ப வந்தது. போட்டி பார்த்த இளம் பிள்ளைகள் பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசிச் சுற்றில் நின்ற இருபது பேருடைய ஓட்டுகளும் 7494.442 என்ற ஒரே தொகையின் மடங்காக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முதலாவது ஆள் அதில் 178 மடங்கு. இரண்டாவது ஆள் 174 மடங்கு. வாசகர்களும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கான பேர் தனித்தனியே போட்ட ஓட்டு இப்படி அச்சில் வார்த்ததுபோல் விழுமா? யாரோ ஒருவர் முதலில் சதவீதத்தை எழுதிவிட்டுப் பிறகு ஓட்டை நிரப்பினால்தான் விழும்.

கம்பெனிக்காரர் முதலில் கணக்கைச் சரிபார்த்துச் சொன்னபோது ஏற்பட்ட பிசகு என்று சமாதானம் சொன்னார்கள். ஓட்டுப் போட்டவர்கள் விடவில்லை, புகார் கொடுத்தார்கள். 2019 நவம்பரில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கைது செய்யப்பட்டார். விசாரணையில், நான்கு தடவையும் முடிவுகள் மாற்றப்பட்டன என்பதும், கடைசி இரண்டு தடவைகளில் யார் யார் வர வேண்டும் என்பது ஓட்டுக்கு முன்னமே முடிவு செய்யப்பட்டிருந்தது என்பதும், பாட்டுக் கம்பெனிக்காரர்கள் அவருக்கு மதுக்கடைகளில் விருந்து வைத்தார்கள் என்பதும் வெளிப்பட்டன. 2020 மே மாதத்தில் அவருக்கு இரண்டு வருஷமும், அவர் மேலதிகாரிக்கு ஒரு வருஷம் எட்டு மாதமும் சிறை விதிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

இதில் வாசகர்கள் கவனிக்க வேண்டியது மோசடி மாத்திரம் அல்ல. மோசடி எந்தத் தொழிலிலும் உண்டு. இங்கிலாந்தில்கூட 2008-இல், வேறு சில நிகழ்ச்சிகளில் டெலிபோன் காசு வாங்கிக்கொண்டு நேயர்களை ஏமாற்றியதற்காக ஐ.டி.வி. கம்பெனிக்கு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுன் அபராதம் போட்டார்கள். நாம் கவனிக்கச் சொல்லுவது வேறு. ஓட்டுக்கு முன்பே பொறுக்கி எடுக்கப்பட்ட அந்தப் பதினொரு பேர் கோஷ்டி 2019 ஆகஸ்டில் மேடை ஏறியது. அதன் முதல் இசைத்தட்டு முதல் வாரத்திலேயே ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. அரங்கம் நிரம்பி வழிந்தது, ஜனங்கள் அழுதார்கள், மயங்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் பேரில் நாம் குற்றம் சொல்லவில்லை. மோசடியில் அவர்களுக்குப் பங்கு உண்டென்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. நாம் கேட்பது இதுதான்: அறைக்குள் உட்கார்ந்து ஒரு தயாரிப்பாளர் கைக்கு வந்தபடி பெயர் எழுதினார், எழுதப்பட்ட பெயர்களிடத்தில் எல்லாம் லட்சக்கணக்கான பேர் நட்சத்திர ஒளியைக் கண்டார்கள். அந்த ஒளி பாடகனிடமிருந்து வந்ததா, மேடை விளக்கிலிருந்து வந்ததா? பார்த்தவுடன் தெரியும் என்றவர்கள், பார்த்தவுடன் இது பொய் நட்சத்திரம் என்று ஏன் சொல்லவில்லை? அதைக் கண்டுபிடித்தது ஞானக் கண் அல்ல, பெருக்கல் வாய்பாடு. வழக்கு முற்றியபின் 2020 ஜனவரியில் கோஷ்டி கலைக்கப்பட்டது.

ஜனங்கள் ஓட்டுப் போடுவது நல்லதுதானே, அதையும் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். ஓட்டு என்றால் ஆளுக்கு ஒன்று. இந்தப் போட்டிகள் பலவற்றில் காசு உள்ளவன் விரல் நோகுமட்டும் டெலிபோனில் ஓட்டுப் போடலாம். அது தேர்தல் அல்ல, ஏலம். ஜனங்கள் இதைக் கண்டு கோபித்துக்கொண்டதும் உண்டு. 2005 முதல் 2008 வரை நாலு வருஷமும் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வாரத்தின் முதல் இடம் எக்ஸ் ஃபேக்டரில் ஜெயித்தவர்களுக்கே போயிற்று. 2009-இல் பொறுக்கமாட்டாத ஜனங்கள் ஒன்றுகூடி, “ரேஜ் அகெயின்ஸ்ட் தி மெஷின்” என்ற கோஷ்டியின் பழைய பாட்டு ஒன்றை வாங்கிக் குவித்து, போட்டியில் ஜெயித்தவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பாட்டின் கம்பெனியும் சோனி, தோற்ற பாட்டின் கம்பெனியும் சோனி! எந்தக் குடம் உடைந்தாலும் தண்ணீர் அதே தொட்டியில்தான் விழுந்தது.

நாம் திறமை என்பதே கிடையாது என்று சொல்லுவதாக யாரும் திரித்துக் கூற வேண்டியதில்லை. குரல்களில் வித்தியாசம் உண்டு. கற்பதில் வேகம் உண்டு. ஆனால் அது பிறவி மாயம் அல்ல. 2006-இல் எக்ஸ் ஃபேக்டரில் ஜெயித்த லியோனா லூயிஸ் என்ற பெண்ணை வானத்திலிருந்து விழுந்தவர் போல் பேசினார்கள். அவர் சிறு வயது முதல் நாடக, சங்கீதப் பள்ளிகளில் படித்து, லண்டனில் பிரிட் ஸ்கூல் என்ற இலவசக் கலைப் பள்ளியிலும் பயின்றவர். ஆசிரியர், பள்ளிக்கூடம், வருஷக்கணக்கான உழைப்பு இவைகளைச் சொன்னால், எங்கள் பிள்ளைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஜனங்கள் கேட்பார்கள். நட்சத்திரம் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நம் ஊர்ப் போட்டிகளிலும் பத்து வருஷம் விடியற்காலை எழுந்து சாதகம் செய்த ஒரு குழந்தையைப் பார்த்து, “கடவுள் கொடுத்த குரல்” என்கிறார்கள். அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கும், சம்பளம் கட்டக் கைவளையலை அடகு வைத்த தாய்க்கும் ஒரு வார்த்தை கிடையாது.

இதனால் வரும் கேடு யாருக்கு? ஜெயித்தவனுக்கும் பாதிக் கேடுதான். பத்து லட்சம் பவுன் ஒப்பந்தம் என்று விளம்பரம் செய்தார்கள். பாட்டுத் தொழிலில் முன்பணம் என்பது பெரும்பாலும் இனாம் அல்ல. பாடகனுக்கு வர வேண்டிய பங்கிலிருந்தே பிடித்துக்கொள்ளப்படுவது. பதிவுச் செலவும் அவன் கணக்கிலேயே ஏறும். ஆனால் தோற்றுத் திரும்புகிற பிள்ளையின் கேடு பெரிது. குரல் சரியில்லை என்று சொன்னால் பழகிக்கொண்டு வரலாம். தாளம் பிசகிற்று என்றால் திருத்திக்கொள்ளலாம். “உன்னிடம் அது இல்லை” என்றால் என்ன செய்வது? எது இல்லை என்று சொல்லாமலே இல்லை என்பதற்கு அப்பீல் ஏது? பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லி அனுப்புவது, உன் ஜாதகத்தில் படிப்புக் கட்டமே இல்லை என்று சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

போட்டியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நடத்துகிறவர்கள் நடுவராக இருக்கக்கூடாது. முகம் தெரியாமல் திரைக்குப் பின்னால் நிறுத்திக் கேட்கலாம். அமெரிக்காவில் பெரிய வாத்திய கோஷ்டிகள் 1970-கள் முதலே ஆள் எடுக்கும்போது திரை போட்டுக் கேட்கின்றன. ஓட்டு ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். எண்ணிக்கையைக் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத கணக்கர் பார்த்து முழுவதும் அச்சிடட்டும். தோற்றவருக்கு எதனால் தோற்றார் என்பதை எழுதிக் கொடுக்கட்டும். இவற்றில் எதுவும் நடத்த முடியாத காரியம் அல்ல.

வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு விஷயம். 2020 நவம்பரில் சியோல் மேல் கோர்ட்டு அந்தக் கொரியா வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஓட்டு இருந்தும் தள்ளப்பட்ட பன்னிரண்டு பேரின் பெயரைப் பகிரங்கமாகப் படித்தது. தோற்றது அவர்கள் குற்றமல்ல என்பது ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே படித்தது. அவர்களில் முதல் போட்டியில் தள்ளப்பட்டவர்கள், தங்களிடம் ஏதோ ஒன்று இல்லை என்று எண்ணிக்கொண்டு அதற்குள் நாலு வருஷத்துக்கு மேல் கழித்துவிட்டார்கள்.